புது லேப்டாப்பில் ஓஎஸ் போடுவது எப்படி, பூட் ஆகாவிட்டால் எங்கே பார்ப்பது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் விலை கேட்டால், கடைக்காரர் பதிலுக்கு ஒன்று கேட்பார்: "விண்டோஸோட வேணுமா, டாஸ் போதுமா?" டாஸ் என்று அவர் சொல்வது ஃபிரீடாஸ் என்ற எளிய இலவச ஓஎஸ் (மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டோ, ஓஎஸ் எதுவுமே இல்லாமலோ வரும் மெஷினை. விண்டோஸ் உரிமத்தோடு வரும் அதே மாடலைவிட இது விலை குறைவு. கையில் இருக்கும் பணத்துக்குள் முடிக்க வேண்டிய கல்லூரிப் பிள்ளைகள் பலர் டாஸைத்தான் எடுக்கிறார்கள். எடுத்த கையோடு, சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்று அங்கேயே ஆள் கிடைக்கும். அப்படிப் போடுவது பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல். அதை ஆக்டிவேட் செய்ய ஓட்டும் கிராக்குக்குள் என்ன இருக்கிறது என்பது போட்டுத் தருபவருக்கே தெரியாது. நெட் பேங்கிங் பார்க்கப்போகிற மெஷினில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஓஎஸ் போடுவது ஒரு சாயங்கால வேலைதான். யாரும் செய்யலாம். இங்கே இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் போடுவதைத்தான் விரிவாகச் சொல்கிறேன். ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால் அதன் பக்கத்திலேயே லினக்ஸையும் வைப்பது எப்படி என்றும் வரும். பிற்பாதி பெரும்பாலும் பூட் பிரச்சினை, அதாவது ஆன் செய்த மெஷின் ஓஎஸ்ஸுக்குள் போகாமல் நிற்பது. அந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன். போடும்போது தவறு செய்து டேட்டாவை இழப்பவர்களைவிட, பூட் ஆகவில்லை என்று பயந்து ஃபார்மேட்டுக்குக் கொடுத்து இழப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எதைப் போடலாம்

முதல் முறை லினக்ஸ் பக்கம் வருபவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் சின்னமன் பதிப்பு. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு உடனே பிடிபடும். உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸும் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) நல்ல தேர்வுதான். 2024 ஏப்ரலில் வந்தது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. மின்ட் 22 அதன் மேல்தான் கட்டப்பட்டது. லேப்டாப்பின் ப்ராசஸர் சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தால், இந்த வரிசைகளில் கடைசியாக வந்த வெளியீட்டைப் பார்த்து இறக்குங்கள். அதில் புதிய கர்னல் (ஹார்ட்வேரை இயக்கும் ஓஎஸ்ஸின் மையப் பகுதி) இருக்கும். புது வைஃபை சிப்பும் டச்பேடும் வேலை செய்ய அதுதான் முக்கியம்.

2011க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவும் மின்ட்டும் அதே டெபியன் குடும்பம்தான். அன்று அதை ஒதுக்கிவிட்டு விண்டோஸிலேயே இருந்தவர்கள் இப்போது தைரியமாகத் திரும்பி வரலாம். அன்றைக்கு ஓடாத வைஃபையும் ஒலியும் இன்று பெரும்பாலான மெஷின்களில் தானாகவே ஓடுகின்றன.

ஆபீஸ்களிலிருந்து கழித்து விற்கும் பழைய லேப்டாப்பை வாங்குபவர்களுக்கு லினக்ஸ் இன்னும் பொருத்தம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும்; ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல் ப்ராசஸர்கள் கிட்டத்தட்ட எல்லாமே அதன் பட்டியலுக்கு வெளியே. அந்த மெஷின்களில் மின்ட் சுகமாக ஓடும்.

தொடங்கும் முன்

விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே, பல புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காது. பின்னால் பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடும் போர்டின் மென்பொருள்) செக்யூர் பூட்டை (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் காவல்) மாற்றினால், அடுத்த முறை ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பாது. எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே பயாஸைத் தொடும் முன்பே, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் உங்கள் டிவைஸ் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலாகச் சேமித்துப் பயனில்லை. இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே டிஸ்க்கில் இருக்கப் போகின்றன என்றால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு, அது முழுதாக அவிழும்வரை காத்திருங்கள். பூட்டிய டிஸ்க்கைப் பார்த்தால் உபுண்டுவின் இன்ஸ்டாலர், விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸைப் போட மறுத்து நின்றுவிடும்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் இது இருக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள். இது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க முடியும், எழுத முடியாது.

பேக்கப் எடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், ப்ராஜெக்ட் எல்லாம் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

மின்சாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 முதல் பகல் 2 வரை கரன்ட் இருக்காது என்று ஏரியா பெயர்களோடு செய்தி வரும். உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இருக்கும் நாளில் இந்த வேலையை எடுக்க வேண்டாம். பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியே இருக்கட்டும். பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவு) சுருக்கும்போது மெஷின் அணைந்தால் டிஸ்க்கில் இருப்பது கெட்டுப்போகலாம்.

பென்டிரைவ்

மின்ட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்ய இறக்கும் ஒற்றை ஃபைல்) சுமார் 3 ஜிபி, உபுண்டு சுமார் 6 ஜிபி. தினம் ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி தரும் மொபைல் பிளானில் ஒரே நாளில் இறங்காது; வீட்டு பிராட்பேண்டிலோ கல்லூரி வைஃபையிலோ இறக்குங்கள். இறங்கிய ஃபைல் முழுசாக இருக்கிறதா என்று ஒரு தடவை சோதிப்பது நல்லது. 7-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து ஷா-256 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது) எடுத்து, இறக்கிய தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடலாம். பாதியில் அறுந்த டவுன்லோடுதான் பல "இன்ஸ்டால் ஆகவே மாட்டேங்குது" புகார்களுக்குக் காரணம்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பது நினைவிருக்கட்டும். நடைபாதையில் மலிவாகக் கிடைப்பவற்றில் போலிக் கொள்ளளவு உள்ளவை உண்டு. எழுதும்போது எல்லாம் சரியாகப் போகும், பாதி இன்ஸ்டாலில் நின்றுவிடும். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுத, விண்டோஸில் ரூஃபஸ் என்ற செயலி நன்றாக இருக்கும். பார்ட்டிஷன் முறை என்ற இடத்தில் ஜிபிடி, டார்கெட் என்ற இடத்தில் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்த புது முறை) இருக்க வேண்டும். பலீனா எட்சர் இன்னும் எளிது, எழுதி முடித்ததும் சரியாக எழுதியிருக்கிறதா என்று அதுவே சரிபார்க்கும்.

வாங்கியது டாஸ் லேப்டாப், வீட்டில் வேறு கம்ப்யூட்டரே இல்லை என்றால்? ஆண்ட்ராய்டு போனில் எட்ச்டிராய்டு என்ற செயலி இருக்கிறது. ஓடிஜி கனெக்டரில் பென்டிரைவைச் செருகி, போனிலேயே ஐஎஸ்ஓவை இறக்கி, அதிலிருந்தே எழுதிவிடலாம். லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு இது சரியாக வரும். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு இது உதவாது, அதற்கு ரூஃபஸோ மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலோ வேண்டும்.

பென்டிரைவிலிருந்து பூட்

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய உடனே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஒரு தடவை அழுத்தி விட்டுவிட்டால் தவறிப்போகும். எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. டெல்லில் எஃப்12. லெனோவோவிலும் எஃப்12, சில மாடல்களில் பக்கவாட்டில் ஊசித் துளை மாதிரி நோவோ பட்டன் இருக்கும், அதைக் குத்தினாலும் மெனு வரும். ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை இயக்க வேண்டும்.

மெனுவில் உங்கள் பென்டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால், யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐயில் இருக்க, லினக்ஸைப் பழைய லெகசி முறையில் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. உபுண்டுவும் மின்ட்டும் அது இயங்கும்போதே பூட் ஆகும்.

லைவ் டெஸ்க்டாப் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) வந்ததும் இன்ஸ்டால் ஐகானைத் தட்ட அவசரப்படாதீர்கள். வைஃபை கனெக்ட் ஆகிறதா, பாட்டு கேட்கிறதா, பிரைட்னஸ் விசை வேலை செய்கிறதா, கேமரா, டச்பேட் எல்லாம் சரியா என்று பத்து நிமிடம் புழங்கிப் பாருங்கள். இதுவரை டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை; பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். வைஃபை மட்டும் வரவில்லையா? போனை டேட்டா கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். எந்த டிரைவரும் கேட்காமல் இன்டர்நெட் வந்துவிடும். அந்த இணைப்பை வைத்துக்கொண்டே வைஃபை டிரைவரைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

பார்ட்டிஷன் திரை

டாஸ் லேப்டாப் என்றால் இங்கே யோசிக்க ஒன்றுமில்லை. முழு டிஸ்க்கையும் அழித்துப் போடு என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். டிஸ்க்கின் பெயரை மட்டும் ஒரு தடவை பாருங்கள்: என்விஎம்இ என்று தொடங்குவது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி, எஸ்டிஏ அல்லது எஸ்டிபி என்பது பெரும்பாலும் பென்டிரைவ். சந்தேகம் வந்தால் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விண்டோஸ் இருக்கிற மெஷினில், முதலில் விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி டிரைவைச் சுருக்கி இடம் காலி செய்யுங்கள். இதை லினக்ஸ் இன்ஸ்டாலரிடம் விடுவதைவிட விண்டோஸிடமே விடுவது பாதுகாப்பு. லினக்ஸுக்கு 60 ஜிபி கொடுத்தால் தாராளம், கோடிங் வேலைக்கு 100 கொடுங்கள். காலி செய்த இடத்தை அப்படியே விடுங்கள், அதில் புது டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம்.

பிறகு இன்ஸ்டாலரில் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பதற்றம் வருவது இயல்பு. ஒவ்வொரு வரியும் என்னவென்று தெரிந்தால் பயம் போய்விடும். முதல் வரி 100 அல்லது 260 எம்பி, ஃபேட்32. இதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். இந்தச் சின்ன இடத்தில்தான் எல்லா ஓஎஸ்ஸின் பூட்லோடரும் (ஓஎஸ்ஸைத் தொடக்கி வைக்கும் சிறு நிரல்) குடியிருக்கிறது. லினக்ஸும் இங்கேயே தன் பங்கை வைத்துக்கொள்ளும், ஆகவே இதை ஃபார்மேட் செய்யக் கூடாது. அடுத்து 16 எம்பியில் ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்தது. அதன் பின் பெரிதாக என்டிஎஃப்எஸ், அதுதான் உங்கள் சி டிரைவ். கடைசியில் சில நூறு எம்பியோ ஒரு ஜிபியோ, விண்டோஸின் ரிகவரி பகுதி. நடுவில் நீங்கள் காலி செய்த இடம் ஃபிரீ ஸ்பேஸ் என்று தெரியும். "விண்டோஸுடன் சேர்த்துப் போடு" என்ற வாய்ப்பு வந்தால் அதையே எடுங்கள். வராவிட்டால் கைமுறை வாய்ப்பில், காலி இடத்தில் பிளஸ் குறியைத் தட்டி, வகை இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட் என்ற இடத்தில் வெறும் சாய்கோடு கொடுங்கள். இஎஃப்ஐ வரிக்கு எதிரே ஃபார்மேட் பெட்டியில் டிக் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடருங்கள்.

என்விடியா கார்டு உள்ள மெஷினில், வெளி டிரைவர்களையும் சேர்க்கச் சொன்னால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். இது லாகின் பாஸ்வேர்டு அல்ல. ரீஸ்டார்ட் ஆனதும் மோக் மேனேஜ்மென்ட் என்று ஒரு நீலத் திரை வந்து பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது விசையைத் தட்டி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் செக்யூர் பூட் அந்த டிரைவரை உள்ளே விடாது.

இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை

இது இன்டெல் லேப்டாப்களில் அடிக்கடி வரும் தொல்லை. தொழிற்சாலையிலேயே பயாஸில் ஸ்டோரேஜை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் வைத்து அனுப்புகிறார்கள். இன்ஸ்டாலர் அதைத் தாண்டி எஸ்எஸ்டியைப் பார்க்க முடியாமல் நிற்கும். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரிந்துவிடும். ஏசரில் இந்த வரியே மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் விசையோடு ஆங்கில எஸ் அழுத்தினால் வெளியே வரும்.

விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் நேராக மாற்றிவிடாதீர்கள். "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை காட்டி விண்டோஸ் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு எம்எஸ்கான்ஃபிக்கில் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள், பயாஸில் பழைய முறைக்கே திருப்பினால் விண்டோஸ் திரும்பி வரும்.

பூட் ஆகவில்லை: எங்கே நின்றது?

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை வேலை நாலு கை மாறுகிறது. முதலில் போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், நாம் பழக்கத்தில் பயாஸ் என்பது. அது இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் பூட்லோடரைக் கூப்பிடும். லினக்ஸில் அதன் பெயர் கிரப். பூட்லோடர் கர்னலைக் கூப்பிடும். கர்னல் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பும். உங்கள் மெஷின் இதில் எந்தக் கையில் நின்றது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. திரையில் கடைசியாகத் தெரிந்ததை போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் அந்தப் போட்டோவும் லேப்டாப் மாடலும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கம்பெனி லோகோவே வரவில்லை என்றால் ஓஎஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை முப்பது, நாற்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து எழுந்துவிடும் மெஷின்கள் உண்டு. எழாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான்.

லோகோ வந்து "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று நின்றால் பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அது கழன்றிருக்கலாம் அல்லது கெட்டிருக்கலாம். புது லேப்டாப் என்றால் திறக்காமல் பில்லோடு வாரன்டிக்குக் கொண்டுபோங்கள். இந்த நிலையில் ஃபார்மேட் பற்றி யார் பேசினாலும் கேட்க வேண்டாம். தெரியாத டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய முடியாது. பெயர் தெரிகிறது என்றால் நல்ல செய்தி. பூட் வரிசையில்தான் குழப்பம்.

இந்த இரண்டாவது கையில்தான் நம் ஊரில் அதிகம் ஃபார்மேட் நடக்கிறது. வேளச்சேரியில் எங்கள் மேல்வீட்டுப் பெண், இன்ஜினியரிங் படிக்கிறவள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, லினக்ஸைக் காணோம், நேரா விண்டோஸுக்குப் போகுது. கடையில காட்டினேன், அது அழிஞ்சிடுச்சு, எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிட்டுத்தான் போடணும்னாங்க. ப்ராஜெக்ட் எல்லாம் அதுலதான் இருக்கு." பூட் மெனுவைத் திறந்தோம். மேலே விண்டோஸ் பூட் மேனேஜர், அதற்குக் கீழேயே உபுண்டு என்ற வரி. அதைத் தேர்ந்தெடுத்ததும் கிரப் வந்தது, ப்ராஜெக்டும் அப்படியே இருந்தது. ஒரு விண்டோஸ் அப்டேட் தன்னை வரிசையில் முதலில் வைத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். பயாஸில் பூட் ஆர்டர் பக்கத்தில் உபுண்டுவை மேலே ஏற்றிச் சேமித்ததும் வேலை முடிந்தது. மின்ட் போட்டிருந்தாலும் அந்த வரியின் பெயர் உபுண்டு என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

அந்த வரியே இல்லை என்றாலோ, "கிரப் ரெஸ்க்யூ" என்று கறுப்புத் திரை வந்து நின்றாலோ, மின்ட் லைவ் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் பூட் ரிப்பேர் இருக்கும். திறந்து, பரிந்துரைத்த சரிசெய்தல் என்ற பெரிய பட்டனை அழுத்தினால் கிரப்பை மறுபடி போட்டுத் தரும். இன்டர்நெட் இணைப்பில் இருக்க வேண்டும், பென்டிரைவ் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்க வேண்டும். உங்கள் ஃபைல்களை அது தொடாது. விண்டோஸ் பக்கம்தான் எழவில்லை என்றால், விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் பட்டனை விட்டுவிட்டு ரிப்பேர் என்பதைத் தட்டி, ட்ரபிள்ஷூட் வழியாக ஸ்டார்ட்டப் ரிப்பேர் கொடுங்கள்.

"ஷிம் எஸ்பேட்", "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்ற சொற்கள் உள்ள ஒரு வரி வந்து மெஷின் அணைந்தால், அதுவும் இந்தக் கையில் வரும் கோளாறே. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், பழைய ஷிம் (செக்யூர் பூட் ஏற்றுக்கொள்ளும் சிறு முன்னோடி பூட்லோடர்) வைத்திருந்த லினக்ஸ்களைச் செக்யூர் பூட்டில் நிறுத்திவிட்டது. இரண்டு ஓஎஸ் வைத்திருந்த பலர் அப்போது மாட்டினார்கள். பிட்லாக்கர் கீ கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போட்டு, மறுபடி இயக்குங்கள்.

கிரப் மெனு வந்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பின் திரை கறுப்பாகவே இருந்தால் மூன்றாவது கை. என்விடியா இருந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ்தான் காரணம். கிரப் மெனுவில் அந்த வரியின் மேல் நின்று ஆங்கில இ எழுத்தைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், க்வயட் ஸ்பிளாஷ் என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, எஃப்10 அழுத்துங்கள். திரை வந்துவிடும், கொஞ்சம் மங்கலாக இருக்கலாம். உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் சரியான என்விடியா டிரைவரைப் போடுங்கள். இந்தச் சொல் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், நிரந்தரமாக எதுவும் மாறுவதில்லை.

நேற்றுவரை நன்றாக ஓடியது, அப்டேட் போட்ட பின் எழவில்லை என்றால், கிரப்பில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். பழையதை உடனே அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். கிரப் மெனுவே கண்ணில் படாமல் ஓடிவிட்டால், லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பைத் தட்டினால் நிற்கும். "இனிட்ராம்எஃப்எஸ்" என்று ஒரு ப்ராம்ப்ட் வந்து நின்றால், டிஸ்க்கின் ஃபைல் அமைப்பில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று பொருள், சார்ஜரை மட்டும் நம்பி ஓடும் பழைய பேட்டரி மெஷின்களில், திடீர் மின்வெட்டுக்குப் பின் பார்க்கலாம். லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க்ஸ் செயலியில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ரிப்பேர் கொடுங்கள். இது மறுபடி மறுபடி வந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே டேட்டாவை வெளியே எடுங்கள்.

லாகின் திரை வந்து, சரியான பாஸ்வேர்டு அடித்தும் திரும்பத் திரும்ப அதே திரைக்கு வந்தால் நாலாவது கை. முதலில் சந்தேகப்பட வேண்டியது இடம் தீர்ந்துபோன டிஸ்க். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரிகவரி மோடு போய் கிளீன் கொடுத்தால் கொஞ்சம் இடம் பிறக்கும். உள்ளே நுழைந்ததும் டவுன்லோட்ஸை ஒழுங்கு செய்யுங்கள்.

எதுவுமே பலிக்காமல் ஓஎஸ்ஸை மறுபடி போடத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும், லைவ் பென்டிரைவில் பூட் செய்தால் பழைய பார்ட்டிஷன் ஃபைல் மேனேஜரின் இடது பக்கத்தில் தெரியும். ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள். கடையில் கொடுப்பதாக இருந்தாலும் இதை முடித்துவிட்டுக் கொடுங்கள்.

போட்டு முடித்த பின்

விண்டோஸுக்கு மாறும்போதெல்லாம் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால், மெஷினில் கோளாறு இல்லை. லினக்ஸ் போர்டில் உள்ள கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 5.30 மணி. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை வைக்கச் சொல்லி ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் தீர்ந்தது. இதற்காக யாராவது சிஎம்ஓஎஸ் பேட்டரியை (போர்டின் கடிகாரத்துக்கானது) மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

தமிழில் டைப் செய்ய, செட்டிங்ஸில் இன்புட் சோர்ஸ் போய் தமிழ்99 சேருங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் ஐபஸ் எம்17என் என்ற பேக்கேஜை முதலில் போட வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் இடது கையில், மெய் வலது கையில் வரும், கை பழகிய பின் ஆங்கிலம் வழியாக அடிப்பதைவிட வேகம். அது பிடிக்காதவர்களுக்கு ஒலிபெயர்ப்பு முறையும் அதே பட்டியலில் உண்டு.

மின்ட்டில், சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற செயலி கூடவே வருகிறது. வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி வைத்துவிடுங்கள். அப்டேட்டால் சிஸ்டம் கெட்டுப்போனால் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அதே செயலியைத் திறந்து, முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். சிஸ்டம் ஃபைல்களை மட்டும்தான் அது பார்த்துக்கொள்ளும்; உங்கள் சொந்த ஃபைல்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.